தகவலாளர் பட்டியல்

இராமநாதபுரம்
09.02.2025

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

அண்ணன் தர்மராஜ் எழுதுவது. மூன்றாம் தேதி காலை மாப்பிள்ளை மாரீஸ்வரன் வெட்டப்பட்ட செய்தி கேட்டு அன்று பிற்பகலே மதுரை மருத்துவமனைக்கு வந்தேன். உள்ளே வர நீ விடவில்லை. மாப்பிள்ளையின் தம்பி காளிராஜ் என் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டு வரை இழுத்துச் சென்றான். பொறுத்துக்கொண்டேன். அன்று முதல் என் கைப்பேசி எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஆகவே இதைப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

“உங்கள் பட்டியல்தான் அவரை வெட்டியது” என்று அத்தனை பேர் முன்னிலையில் கூவினாய். அதற்கு முறையாக விடையளிப்பது என் கடமை.

பண்பாடு, கல்வி, சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவை குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கை எங்கள் கல்லூரி இம்மாதம் 28ஆம் தேதி நடத்துகிறது. ஒருங்கிணைப்பாளர் நான். கள ஆய்வுக் கட்டுரை எதுவாயினும் அதன் பின்னிணைப்பில் தகவலாளரின் பெயர், வயது, தொழில், நேர்காணல் நடந்த இடம், நேரம் ஆகியவை தரப்பட வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. மலேசியாவிலிருந்து வரும் பேராசிரியருக்கும் அதே விதிதான், கடலாடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தங்கைக்கும் அதே விதிதான்.

சிக்கலை அடுத்த உங்கள் ஊர்க் கண்மாயில் அனுமதித்த ஆழத்துக்கு மேல் சவுடு மண் தோண்டப்படுவதை நீ ஆதாரத்துடன் எழுதினாய். நல்ல கட்டுரை. ஆனால் ஆதாரம் தந்தவரைப் “பெயர் கூற விரும்பாத விவசாயி” என்று குறித்திருந்தாய். பெயரில்லாதவர் சொல்லும் சான்று சான்றாகாது என்று இருமுறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை பட்டியலை இணைத்தாய். அதில் முதற்பெயர் மாப்பிள்ளையுடையது.

கட்டுரைத் தொகுதி இன்னும் வெளியிடப்படவே இல்லை. வெளிவராத நூலில் பெயர் இருந்ததற்காக ஒருவரை வெட்டினார்கள் என்பது பொருந்தாத கூற்று. மண் லாரிகளை மாப்பிள்ளை மறித்ததில் உண்டான பகையாகவே இது இருக்க வேண்டும்.

அவர் உடல்நிலையை ஒரு வரி எழுது.

இப்படிக்கு
தர்மராஜ்


மதுரை
12.02.2025

அண்ணன் அவர்களுக்கு,

பேசினால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். அதனால் எழுதுகிறேன்.

உடல்நிலை கேட்டீர்கள். இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலையில் பதினான்கு தையல். தோளில் விழுந்த வெட்டு எலும்பு வரை போயிருக்கிறது. நினைவு வந்ததும் இல்லாத விரல்கள் அரிப்பதாகச் சொல்லி என்னைச் சொறிந்துவிடச் சொன்னார். வெறும் படுக்கையைச் சொறிந்தேன்.

நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மடையைப் பார்க்கப் போனவருக்குத் தூக்குவாளியில் காபி கொண்டுபோனேன். இரண்டு வண்டிகளில் மூன்று பேர் வந்தார்கள். வெளியூர் ஆட்கள். இவர் முகம் அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் கையில் காகிதம் வைத்திருந்தான்.

“இங்கன மாரீஸ்வரன்ங்கிறது யாருண்ணே?”

“நாந்தேன். என்ன வேணும்?”

“வயசு நாப்பத்திநாலு?”

இவர் சிரித்தார். “என்னப்பா, ரேசன் கார்டுக்கு ஆள் எடுக்க வந்தீகளா?”

“தகவல் எடுக்க வந்தோம். லிஸ்டுல நீதான் மொத ஆளு.”

முதல் வெட்டைக் கையால் தடுத்தார். கை தோலில் தொங்கியது. நான் வாளியை எறிந்துவிட்டு ஓடினேன். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து வரப்பில் அழுத்தி முகத்தை அவர் பக்கம் திருப்பினான். “டீச்சர், நல்லாப் பாத்துக்கங்க. அடுத்த கட்டுரையில எழுதணும்ல” என்றான். அவர் கீழே விழுந்த பிறகும் இரண்டு வெட்டு வெட்டினார்கள். மண்வெட்டி மண்ணில் இறங்கும்போது கேட்கும் சத்தம் அது.

காகிதம் ரத்தத்தில் கிடந்தது. இப்போது காவல் ஆய்வாளரிடம் இருக்கிறது. உங்கள் தொகுதியின் 213ஆம் பக்கம். குறுக்கே சாம்பல் நிறத்தில் ‘மெய்ப்பு’ என்று அச்சாகியிருந்தது. ‘நேர்காணல்: மடையடி, காலை 6 மணி’ என்று உங்கள் விதிப்படி நான் எழுதிய வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். சரியாக அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு வந்தார்கள். பட்டியலில் இரண்டாவதாக இருந்த கூத்தையா அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மெய்ப்புப் பிரதி உங்களிடமும் அச்சகத்திலும் தவிர வேறு யார் கைக்குப் போனது?

கோகிலா


இராமநாதபுரம்
15.02.2025

கோகிலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்ட கேள்விக்கு நேராக விடையளிக்கிறேன். மெய்ப்புப் பிரதி மூன்றாவதாக ஒருவர் கைக்குச் சென்றது. அனுப்பியவன் நான்.

சவுடு மண் ஒப்பந்தக்காரர் வீரையா எங்கள் கருத்தரங்கின் வரவேற்புக் குழுத் தலைவர் என்பது நீ அறிந்ததே. தொகுதியின் முகப்பில் அவரது வாழ்த்துரை இடம்பெற வேண்டும். எல்லாக் கருத்தரங்குகளிலும் நடப்பது என்னவென்றால், ஒருங்கிணைப்பாளரே எழுதிக்கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கிவிடுவார். வீரையாவும் அதையே சொன்னார். “சார், நீங்களே நல்லதா நாலு வரி எழுதுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இதெல்லாம் படிக்க எனக்கு எங்க நேரம்?” நான் ஒப்பவில்லை. படிக்காத நூலை வாழ்த்துவது மோசடி என்று அவரிடம் சொன்னேன். ஜனவரி 20ஆம் தேதி முழு மெய்ப்பையும் கட்டி, அலுவலக உதவியாளர் வழியே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அவர் கையொப்பத்தையும் வாங்கினேன். துணைக் கடிதத்தில், 198ஆம் பக்கம் முதல் அவருடைய பகுதி பற்றிய கட்டுரை உள்ளது, தவறாது பார்க்கவும் என்று குறிப்பிட்டேன். குறையைப் படித்தால் திருத்திக்கொள்வார் என்றே எண்ணினேன்.

27ஆம் தேதி வாழ்த்துரை வந்தது. நான்கே வரிகள். அவற்றுள் கடைசி இரண்டு: ‘இந்நூலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கவனமாகப் படித்தேன். அவர்களுக்கு உரிய மரியாதை செய்யப்படும்.’ பொறுப்பான வாசிப்பு என்று மகிழ்ந்து அதை அச்சுக்குக் கொடுத்தவனும் நானே.

நீதித்துறை நடுவர் முன் இதை வாக்குமூலமாகத் தர ஆயத்தமாக இருக்கிறேன். ஆயினும் கல்லூரி ஆவணம் ஒன்றை வெளியில் தருவதற்கு நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை என்பது பணி விதி. ஆகவே நேற்று முதல்வர் வழியாகச் செயலருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதனுடன் வீரையா கையொப்பமிட்ட சீட்டின் நகலையும் இணைத்துள்ளேன். ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்துவிடும். அதுவரை காளிராஜைப் பொறுமையாக இருக்கச் சொல்.

தர்மராஜ்


ஊர்
20.02.2025

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட அனுமதி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 18, பகல் பன்னிரண்டரை.

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்திருந்தேன். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இந்த வருசத்து முதல் பறிப்பு முழுவதும் அங்கேதான் கிடந்தது. கார் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கி மிளகாயின் மேல் டீசலை ஊற்றினார்கள். ஒருவன் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நீட்டி நீட்டிப் படித்தான்: ‘தங்கள் மேலான அனுமதியைப் பணிவுடன் வேண்டுகிறேன்.’ உங்கள் கையெழுத்து. எனக்குத் தெரியாதா?

“உங்க அண்ணன் பெர்மிசன் கேட்டு எழுதியிருக்காருல்ல? இந்தா பெர்மிசன். நல்லா மூச்சிழுத்துப் பாரு.”

தீக்குச்சியைப் போட்டான். காய்ந்த மிளகாய் எரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குள் கம்பியைக் காய்ச்சிச் செருகினது மாதிரி இருந்தது. என் மாமியார் குடத்தோடு ஓடிவந்தார். “ஏலே எடுபட்ட பயலுகளா, சாப்பிடுற பொருளுலயாடா தீ வைக்கிறீக!” என்று திட்டிக்கொண்டே வந்தவரை ஒருவன் இடுப்பில் உதைத்துப் புகைக்குள் தள்ளினான். எழுந்தார். மறுபடியும் தள்ளினான். மூன்றாவது தரம் அவர் எழவில்லை. கட்டியிருந்த வெள்ளாடு கயிற்றோடு வெந்து கத்தியது. அது அடங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அத்தை முதுகுளத்தூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருக்கிறார். கண் திறக்கவில்லை. இருமினால் ரத்தம் வருகிறது.

உங்கள் கல்லூரிச் செயலர் வீரையாவின் சம்பந்தி. கடலாடியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். உங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் ‘முதல்வர் வழியாகச் செயலருக்கு’ அனுப்பினீர்கள். விதி அப்படி!

என் வீட்டுக்காரரை வெட்டிய மூன்று பேரும் எங்கோ ஒரு கோர்ட்டில் சரணடைந்து, குடித்துவிட்டுச் செய்த தகராறு என்று சொல்லிவிட்டார்கள். வீரையாவை இந்த வழக்குக்குள் இழுக்க உங்களிடம் இருக்கும் அந்தக் கையெழுத்தும் உங்கள் வாக்குமூலமும் மட்டும்தான் இருக்கின்றன. ஆய்வாளரே அதைச் சொன்னார்.

காளிராஜ் அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறான். “வாத்தியாரு வாயத் தொறக்காரா, இல்ல நான் போகவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மதினி” என்கிறான். அவனைத் தடுக்க என்னிடம் வேறு வார்த்தை இல்லை. அனுமதியைத் தூக்கி எறிந்துவிட்டு நடுவரிடம் போங்கள். நாளைக்கே போங்கள்.

கோகிலா


இராமநாதபுரம்
23.02.2025

கோகிலாவுக்கு,

உன் மாமியாருக்கு நேர்ந்ததைப் படித்தேன். செயலருக்கும் வீரையாவுக்கும் உள்ள உறவை அறிவேன். உறவு வேறு, பதவி வேறு என்று கொண்டேன். அப்படிக் கொண்டது பிழை.

21ஆம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வந்தது. இனி அனுமதிக்குக் காத்திருக்கப்போவதில்லை. மார்ச் 3, திங்கட்கிழமை நடுவர் முன் முன்னிலையாவேன்.

நாளைக்கே ஏன் இல்லை என்று கேட்பாய். 28ஆம் தேதி கருத்தரங்கு. ஆறு நாடுகளிலிருந்து பேராளர்கள் வருகிறார்கள். சிலர் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார்கள். இப்போது வாக்குமூலம் கொடுத்தால் நிர்வாகம் அரங்கைப் பூட்டிவிடும். ஏற்றுக்கொண்ட ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டே வேறொன்றுக்குச் செல்ல வேண்டும் என்ற பழக்கத்திலிருந்து என்னால் விடுபட இயலவில்லை. முதற்பிரதியைப் பெறுபவராக அழைப்பிதழில் வீரையாவின் பெயர் உள்ளது. அவரோடு ஒரே மேடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பேன். அதன் பிறகு அவருக்கு எதிராக எழுந்து நிற்பேன்.

நானூறு பிரதிகளிலும் 213ஆம் பக்கத்தாளை என் கையாலேயே பிளேடால் அறுத்தெடுத்துவிட்டேன். காலங்கடந்த செயல் என்பதை அறிவேன்.

என் வீட்டுக்கு எதிரே நான்கு நாள்களாக ஒரு வண்டி நிற்கிறது. அச்சமில்லை என்று எழுதினேன். நீ சொன்னதுபோல் அதை அடித்துவிட்டேன்.

எட்டே நாள். காளிராஜிடம் சொல்.

தர்மராஜ்


ஊர்
28.02.2025, காலை 8 மணி

அண்ணனுக்கு,

உங்கள் அரங்கின் வாசலிலேயே எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி வைத்துவிடுவீர்கள். உங்களுடையதும் காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் சுஹா டீச்சர் இன்று அங்கே கட்டுரை படிக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேடையில் இருந்தாலும் பிரித்துப் படியுங்கள்.

அத்தை நேற்று மதியம் இறந்துவிட்டார். உடல் வீட்டில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். அந்தக் காளிராஜ் காலை ஆறு மணிக்குக் கிளம்பி உங்கள் கருத்தரங்குக்குப் போய்விட்டான். தோள்பையில் அரிவாள் இருக்கிறது. கருத்தரங்குக்குப் போகும் ஆசிரியர்களோடு அவனும் ஒருவனாக முதல் பஸ்சில் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறார்கள்.

போகும்போது என்னிடம் சொன்னான். “மதினி, போய் உக்காந்திருப்பேன். வாத்தியாரு மைக்கப் பிடிச்சு அம்புட்டுப் பேரு முன்னாடி உள்ளதச் சொல்லிட்டாருன்னா, அரிவாள எடுக்காம எந்திரிச்சு வந்துருவேன். சொல்லலைன்னா அந்த வீரையா மேடைய விட்டு நடந்து எறங்க மாட்டான். எப்பிடியும் நாலு மணிக்கு ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்க நான் இங்கன இருப்பேன்.”

போலீசுக்குச் சொன்னால் அவனைப் பிடிப்பார்கள், வீரையாவை விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. எட்டு நாள் கேட்டீர்கள். அத்தைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

சொல்லிவிடுங்கள் அண்ணா.

கோகிலா


இராமநாதபுரம், மருத்துவமனை
05.03.2025

அன்புத் தங்கைக்கு,

இடது கையால் எழுதுகிறேன். பிறர் கையால் எழுதுவிக்க இயலாத செய்தி என்பதால் மூன்று நாளாகச் சிறிது சிறிதாக எழுதி முடித்தேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்.

சுஹா டீச்சர் உன் கடிதத்தை மேடையேறி வந்து என்னிடம் கொடுத்தபோது பத்து நாற்பது. நூல் வெளியீட்டுக்காக ஒலிவாங்கியின் முன் நின்றிருந்தேன். படித்து நிமிர்ந்தேன். பதினொன்றாம் வரிசையில், கழுத்தில் யாரிடமோ வாங்கி மாட்டிய பேராளர் அட்டையும் மடியில் பையுமாகக் காளிராஜ் அமர்ந்திருந்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதும் தயங்கினேன் என்பதை மறைக்கமாட்டேன். பக்கத்தில் நின்ற வீரையா என் காதருகே குனிந்தார். “என்ன சார், மேடையில வந்து டீச்சரம்மா கடுதாசி குடுத்துட்டுப் போகுது? சீக்கிரம் புத்தகத்தக் குடுங்க. எனக்குச் சிக்கல் பக்கம் ஒரு துட்டி வீடு இருக்கு. பொம்பள செத்துருச்சாம். ஒரு மாலையப் போட்டுட்டு வந்துரணும்.”

யார் வீட்டுக்கு என்பது எனக்குப் புரிந்தது. அதன் பின் தயக்கம் இல்லை.

தேதிகளைச் சொன்னேன். ஜனவரி 20 மெய்ப்பு, அவர் கையொப்பம், 213ஆம் பக்கம், பிப்ரவரி 3 மடையடி, 18 களம், 27 மரணம். கையொப்பச் சீட்டை உயர்த்திக் காட்டினேன். வீரையா சிரித்தபடியே, “சார் ரொம்ப அலஞ்சு களைச்சுப் போயிட்டாரு. உக்கார வைங்கப்பா” என்றார். அவருடைய ஆட்கள் நால்வர் ஏறி வந்தார்கள். விருந்தினர்க்குத் தருவதற்காக அடுக்கியிருந்த நினைவுக் கேடயம் ஒன்றை எடுத்து ஒருவன் என் நெற்றியில் அடித்தான். மீண்டும் அடித்தான். பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. நான் தேதிகளைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பின்னர் மற்றவர்கள் கூறினார்கள்.

கோகிலா, இதை நீ அறிய வேண்டும். நான் பேசி முடித்ததும் காளிராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். உனக்குச் சொன்ன சொற்படி வாசல் வரை நடந்தான். நான் அடிபடும் ஓசை கேட்டுத் திரும்பினான். நாற்காலிகளின் மேல் ஏறி ஓடிவந்து, வீரையாவின் பின்னாலிருந்து தோளில் வெட்டினான். இரண்டாம் வெட்டுக்குக் கழுத்தை நோக்கி ஓங்கினான். நான் அரிவாளைக் கையால் பிடித்தேன். வீரையாவைக் காக்க வேண்டும் என்று எண்ணவில்லை. இவன் கொலைகாரனாகிவிடக் கூடாது என்று கை தானாக நீண்டது. என் வலது கையின் இரு விரல்கள் மேடை விரிப்பில் விழுந்தன. “விடுங்க மச்சான்!” என்றான். ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். பிறகு அழுதான். பிறகு நெரிசலில் கலந்துவிட்டான்.

வீரையா பிழைத்துக்கொண்டார். பின்னாலிருந்து வெட்டியவரைத் தாம் பார்க்கவில்லை என்கிறார். அரங்கின் கேமரா பல மாதங்களாகப் பழுது. கைப்பேசிகள் எல்லாம் வாசலில் இருந்தன. வந்தவர்கள் எவருக்கும் அவனைத் தெரியாது. நேருக்கு நேர் பார்த்தவன் நான் மட்டுமே. 11ஆம் தேதி நடுவர் இங்கேயே வந்து என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவிருக்கிறார்.

தர்மராஜ்


ஊர்
08.03.2025

அண்ணனுக்கு,

உங்கள் விரல்களை நினைத்து அழுதேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மூன்றரை மணிக்குக் காளிராஜ் வந்துவிட்டான். குளித்து ஈரவேட்டியோடு நின்றான். சுற்றி வந்து தீ வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, “வாத்தியாரு சொல்லிட்டாரு மதினி. நான்தான் வாக்குத் தவறிட்டேன்” என்றான். அரிவாள் எங்கே என்று நான் கேட்கவில்லை.

அவர் ஒரு கையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அத்தை இல்லை. களத்தில் கருகின மிளகாய் அப்படியே கிடக்கிறது. இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஆம்பளை காளிராஜ் ஒருவன்தான். அவனையும் உள்ளே வைத்துவிட்டால் எங்களுக்கு வயலில் இறங்க ஆள் இல்லை, வாசலில் நிற்கவும் ஆள் இல்லை.

11ஆம் தேதி வீரையாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லுங்கள். காளிராஜைப் பற்றி மட்டும் ஒரு வரி: ‘வெட்டியவர் முகத்தை நான் பார்க்கவில்லை.’ நெற்றியில் ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? வெட்டுப்பட்டவன் வீரையா. அவனுக்காகவா என் கொழுந்தனைக் காட்டிக்கொடுக்கப்போகிறீர்கள்?

உங்களிடம் இதுவரை உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் கெஞ்சினேன். இப்போது இதற்காகக் கெஞ்சுகிறேன்.

கோகிலா


இராமநாதபுரம், மருத்துவமனை
12.03.2025

கோகிலாவுக்கு,

சொல்லிவிட்டேன். காளிராஜின் பெயரையும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் பத்தாம் தேதியே கிடைத்தது. தாமதமாகக் கிடைத்தது என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தலையணைக்கு அடியில் அதை வைத்துக்கொண்டுதான் நடுவர் முன் பேசினேன்.

காரணம் இது. அரிவாளை நேரில் பிடித்து விரலிழந்தவன் வெட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால், வீரையாவின் வழக்குரைஞர் கேட்கப்போவது ஒரே கேள்வி: ‘தங்கையின் கொழுந்தனுக்காகப் பொய் சொல்லத் துணிந்தவர், தங்கையின் கணவருக்காகச் சொல்ல மாட்டாரா?’ அந்த ஒரு கேள்வியில் ஜனவரி 20 போய்விடும், கையொப்பம் போய்விடும், மாப்பிள்ளையின் கையும் உன் மாமியாரின் உயிரும் கேட்பாரற்றுப் போகும். என் வாக்கு முழுதாக நின்றால்தான் அந்த மனிதர் உள்ளே செல்வார்.

அவன் வாசல் வரை சென்றுவிட்டவன் என்பதையும், நான் அடிபட்டதைக் கண்டே திரும்பினான் என்பதையும், தாய் முற்றத்தில் பிணமாகக் கிடந்த நாள் அது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னேன். நடுவர் பதிவு செய்தார்.

இதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் காரணம் இல்லாதிருந்தாலும் நான் அவன் பெயரைச் சொல்லியிருப்பேனோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. பட்டியலைக் கேட்டு உன்னை இருமுறை திருப்பியனுப்பிய அதே ஆள்தான் இங்கே படுத்திருக்கிறான். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. கேட்கவுமில்லை.

தர்மராஜ்


மதுரை
19.03.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு நீங்கள் என் முன்னால் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மிச்சமிருக்கும் விரல்களையும் நானே வெட்டியிருப்பேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

13ஆம் தேதி வீரையாவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள். செயலரையும் தேடுகிறார்கள். விண்ணப்பத்தின் நகல் எப்படி வெளியே போனது என்று அவரிடம் கேட்க வேண்டுமாம். அதே நாள் எங்கள் வீட்டுக்கும் போலீஸ் வந்தது. காளிராஜ் அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு ஜீப்பில் ஏறினான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

நேற்று சிறையில் மனு போட்டுப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு நின்றான். அவனே கேட்டான்.

“வாத்தியாரு எம்பேரச் சொன்னாராக்கும்?”

தலையை ஆட்டினேன்.

“முழுசாச் சொன்னாரா? கதவு வரைக்கும் போனேன், அதச் சொன்னாரா?”

சொன்னார் என்றேன். சிரித்தான்.

“அப்பச் சரிதான் மதினி. எம்பேர விட்டுருந்தாருன்னாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும். வக்கீலுக சும்மா விடுவாகளா? தங்கச்சி கொழுந்தன்னு விட்டுட்டான், அப்ப இதும் பொய்தான்னு ஊதித் தள்ளிருப்பாக. இப்ப அவன் அசைய முடியாதுல்ல?”

“நீயும்தானேடா அசைய முடியாது” என்றேன்.

“நான் வெட்டுனேன்ல” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நேரமாகிவிட்டது என்று கூட்டிப்போய்விட்டார்கள்.

அவனைப் போல என்னால் சிரிக்க முடியவில்லை, அண்ணா. அவன் சொல்வது சரி என்று தெரிகிறது. நீங்கள் சொன்னதும் சரி. சரியாக இருப்பதால் எனக்கு என்ன கிடைத்தது? ஒரு கை போய், தோள் வெட்டில் மறுகையையும் தூக்க முடியாத புருசனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு, சிறைக்குப் போய் மனு எழுதிப் போடுகிறேன். நீங்கள் முதலில் அந்தப் பட்டியலைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைப்பது நிற்கவில்லை. நிற்காது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 7 விசாரணை. முதலில் வீரையாவின் வழக்கு, அடுத்தது காளிராஜின் வழக்கு. இரண்டுக்கும் முதல் சாட்சி நீங்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார், தானும் வருவேன் என்கிறார். முதல் வழக்கில் நீங்கள் கூண்டில் ஏறும்போது, ஊர் பார்க்க உங்கள் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். இரண்டாவது வழக்குக்கு உங்கள் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து வெளியே போய்விடுவோம். அதை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

கோகிலா